முழங்கால் சொல்லும் கணக்கு

பதக்கத்தையோ பரிசுப் பணத்தையோ பிழைப்பாகக் கொள்ளாமல், அன்றாடத் தொழிலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் சிறு பொழுதில் நெடுந்தூரம் ஓடிப் பழகி, ஆண்டுக்கு ஓரிரு போட்டிகளில் கலந்துகொள்வோரைப் பொழுதுபோக்கு ஓட்டக்காரர் என்று குறிப்பிடலாம். இவர்களது பயிற்சி உடலுக்கு உரம் தருவதோடு மனத்துக்கும் ஒழுங்கைத் தருவதால், அதனை உடற்பயிற்சி என்ற அளவில் நிறுத்திவிடாமல் ஒரு கலையாகவே மதிப்பிடுவது பொருந்தும். எனினும் இக்கலையை ஆர்வத்தோடு தொடங்குவோரில் பலரை இடைவழியில் நிறுத்திவிடுவது முழங்கால் நோவாகும். அந்த நோவு கலையைக் கைவிடுவதற்கான கட்டளையா, அன்றிக் கலையைச் செம்மையாகப் பயில்வதற்கான வழிகாட்டியா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் நெடுந்தூர ஓட்டத்தை அறியாத ஊர் இல்லை. பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளையொட்டி நடைபெறும் வீதியோட்டமும், சித்திரைப் புத்தாண்டு விழாக்களின் காலை வேளையில் நடைபெறும் வீதியோட்டமும் மரதன் என்ற பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அவற்றின் தூரம் பெரும்பாலும் சில கிலோமீற்றர்களே. முழு மரதன் என்பது 42.195 கிலோமீற்றர் தூரத்தையும், அரை மரதன் என்பது அதன் சரிபாதியையும் குறிக்கும். 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவில் இப்போட்டியின் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றராகவே இருந்தது. 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரமே 1921 ஆம் ஆண்டு நிலையான அளவாக ஏற்கப்பட்டது. புத்தளம் மாவட்டத்தின் பாலாவிச் சந்தியில் பிரிந்து, நுரைச்சோலையையும் குறிஞ்சிப்பிட்டியையும் கடந்து கற்பிட்டி நகரை அடையும் வீதியும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமுடையது என்பதால், ஏதென்ஸில் அன்று ஓடப்பட்ட தூரம் எத்தகையது என்பதைக் குறிஞ்சிப்பிட்டி மக்கள் பேருந்துப் பயணத்தின் நினைவைக் கொண்டே உணர்ந்துகொள்ளலாம்.

இத்தூரத்தை முழங்கால் எவ்வாறு தாங்குகிறது என்பது அடுத்து நோக்கத்தக்கது. தொடை எலும்பின் கீழ் முனையும் கணைக்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கும் இடத்தில், அவற்றுக்கு முன்னால் சில்லு எனப்படும் சிறிய எலும்பு அமைந்துள்ளது. தொடையின் முன்புறத் தசைகள் நான்கும் ஒன்றுகூடி இச்சில்லின் வழியாகவே கணைக்காலை இழுத்து நிமிர்த்துகின்றன. எனவே முழங்கால் மடங்கிய நிலையில் உடலின் பாரத்தைத் தாங்கும் ஒவ்வொரு முறையும், சில்லு தொடை எலும்பின் மீது அழுத்தப்படுகிறது. நடக்கும்போது இந்த அழுத்தம் ஏறத்தாழ ஒருவரது உடல் எடையளவாகவும், ஓடும்போது ஏறத்தாழ அதன் ஐந்து மடங்காகவும் அமைவதாக ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். ஒரு கிலோமீற்றர் தூரத்தை ஓடுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள் வேண்டும் என்று கொண்டால், 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் ஒவ்வொரு முழங்காற்சில்லும் 300 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தத்தை ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஐந்நூறு முறை தாங்குகிறது.

இக்கணக்கைக் கேட்கும் எவரும் ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்ற முடிவுக்கு வருவது இயல்பே. ஊர்ப் பெரியவர்களின் எச்சரிக்கையும் அதுவே. ஆயினும் உயிருள்ள மூட்டு, வண்டியின் அச்சைப் போல உராய்ந்து தேய்வதோடு நின்றுவிடும் பொருளன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியான இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் நிறைந்துள்ள பசைத்திரவத்திலிருந்தே அது போசணையைப் பெறுகிறது. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி நிகழும்போதுதான் அத்திரவம் குருத்தெலும்பினுள் நன்கு ஊடாடுகிறது. பாரம் ஏற்பட்டும் நீங்கியும் வருவது மூட்டுக்கு ஊட்டமாகும் என்பதும், அசையாதிருத்தல் மூட்டைக் காப்பதாகாது என்பதும் இதனால் விளங்கும்.

ஆய்வு முடிவுகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984 ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டக்காரரிடம் முதுமையின் இயலாமை பல ஆண்டுகள் பிந்தியே தோன்றியதாக 2008 இல் அறிவித்தனர். 2017 ஆம் ஆண்டு வெளியான மற்றொரு தொகுப்பாய்வில், இடுப்பு மூட்டிலோ முழங்கால் மூட்டிலோ தேய்வு கண்டோர் பொழுதுபோக்கு ஓட்டக்காரரிடையே நூற்றுக்கு 3.5 ஆகவும், ஓடாதவரிடையே 10.2 ஆகவும், உயர்நிலைப் போட்டி ஓட்டக்காரரிடையே 13.3 ஆகவும் இருந்தனர். முழங்கால் கெட்டவர்கள் முன்னரே ஓட்டத்தைக் கைவிட்டிருக்கலாம் என்பதால், ஓட்டமே மூட்டைக் காத்தது என்று இவ்வெண்களைக் கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் மிதமான ஓட்டம் முழங்காலை அழிக்கும் என்ற அச்சத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை என்பதைத் தயக்கமின்றிக் கூறலாம்.

அவ்வாறாயின் நோவு ஏன் வருகிறது என்ற கேள்வி எழுகிறது. ஓட்டக்காரரிடம் மிகுதியாகக் காணப்படும் நோவு, சில்லைச் சுற்றியோ அதன் பின்புறத்திலோ தோன்றி, படியிறங்கும்போதும் குந்தியெழும்போதும் நெடுநேரம் காலை மடித்து அமர்ந்திருக்கும்போதும் கூடுவதாகும். முழங்காலின் வெளிப்புறத்தில் குத்தும் நோவு மற்றொரு வகையைச் சார்ந்தது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிக் கணைக்கால் எலும்பில் பொருந்தும் தடித்த நார்ப்பட்டி, முழங்காலை ஒட்டிய இடத்தில் எரிச்சலுறுவதால் அது உண்டாகிறது. சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய நோவு, சில்லையும் கணைக்காலையும் இணைக்கும் தசைநாணைச் சார்ந்தது. இடம் வேறுபட்டாலும் இம்மூன்றுக்கும் பெரும்பாலும் பொதுவான காரணம் ஒன்றுண்டு. உடல் பழகிக்கொள்ளும் வேகத்தை மிஞ்சிப் பயிற்சியின் பாரம் கூட்டப்பட்டதே அது.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோர் இவ்வுண்மையை வேறொரு வடிவில் நன்கு அறிவர். மணல் நீரைப் பிடித்துவைக்காது என்பதால், பல நாட்களுக்குரிய நீரை ஒரே நாளில் இறைத்துவிட்டுப் பின்னர் தோட்டத்தைக் காயவிடும் பயிர்ச்செய்கை அங்கு பலன் தராது. அளவோடு, அடிக்கடி நீர் இறைக்க வேண்டும். முழங்காலுக்குரிய பயிற்சியும் அவ்வாறானதே. போட்டிக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது விழித்துக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடியவர் இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடத் தலைப்படுவது, வாடிய பாத்தியில் குளத்தை வெட்டிவிடுவதற்கு ஒப்பாகும். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே புதிய உழைப்புக்குப் பழகிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காகக் கால்களை விரட்டும் ஓட்டக்காரர், இந்தக் கால வேறுபாட்டை மறந்தவராவார்.

இடத்தின் இயல்பும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியது. கடலோர மணல் மென்மையானது என்பதால் முழங்காலுக்கு நன்று என்று கருதுவோர் பலர். இறுகிய தரையில் ஓடுவதைவிட மென்மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவாகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிர்ச்சி குறைந்தாலும் தசைகளின் உழைப்பு கூடுவதால், மணலில் ஓடிய மூன்று கிலோமீற்றரை வீதியில் ஓடிய மூன்று கிலோமீற்றராகக் கொள்ளலாகாது. மேலும், அலை நனைத்து இறுகிய கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடுபவரின் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவும் மற்றது உயர்வாகவும் பதிகிறது. நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் வீதியிலும் இந்நிலையே ஏற்படுகிறது. சென்ற கரையிலேயே திரும்பி ஓடுவது இச்சமமின்மையை ஈடுசெய்யும் எளிய வழியாகும்.

கற்பிட்டிக் குடாநாட்டு ஊர்களில் வாழும் ஓட்டக்காரரின் முழங்கால், ஓட்டத்தின்போது மாத்திரம் உழைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்குவது, மணலில் காலூன்றிக் கரைவலை இழுப்பது, ஐவேளைத் தொழுகையில் சுஜூது எனும் சிரவணக்கத்துக்குச் சென்று எழுவது, காலை மடித்து அமர்வது ஆகிய அனைத்தும் சில்லின் மீது அழுத்தம் தருவனவே. ஆகவே பகல் முழுவதும் களையெடுத்தவர், அன்று மாலையில் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொள்வது சோம்பலாகாது, கணக்கறிந்த செயலாகும்.

நோவு வந்தபின் செய்யத்தக்கது என்ன என்பதற்கு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவான விடை தருகிறது. சில்லைச் சுற்றி நோவுற்ற ஓட்டக்காரர் 69 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிற்சியின் பாரத்தை அளந்து நடத்தும் முறை மாத்திரம் கற்பிக்கப்பட்டது. மற்ற இரு குழுக்களுக்கும் அதனோடு முறையே தசைப் பயிற்சியும் ஓடும் நடையில் திருத்தமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர் என்பதிலிருந்து, பாரத்தை அளந்து நடத்துவதே சிகிச்சையின் உயிர்நாடி என்பது புலப்பட்டது. நோவே இல்லாத நிலையைப் பூச்சியம் என்றும் தாங்கவொண்ணா நோவைப் பத்து என்றும் கொண்டால், ஓடும்போது நோவு இரண்டைத் தாண்டாமலும், ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வகையிலும் தூரத்தையும் வேகத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட அளவுகோலாகும். ஒரே நாளில் நீண்ட தூரம் ஓடுவதைத் தவிர்த்து, குறைந்த தூரத்தைப் பல நாட்களில் ஓடுவதும், இடையிடையே நடப்பதும், மேடு பள்ளங்களையும் கடும் வேகத்தையும் சில காலம் விலக்குவதும் அந்த அளவுகோலுக்குத் துணைபுரிவன.

இவற்றோடு அடியின் நீளத்தைச் சுருக்கி, நிமிடத்துக்குரிய அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால், வேகம் குறையாமலே முழங்காலின் மீதான பாரம் குறைகிறது என்பதும் அளந்து காட்டப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு 160 அடிகள் வைப்பவர் அதனை 170 ஆக்கிக்கொள்வது இதற்கு எடுத்துக்காட்டாகும். தொடையின் முன்தசைகளையும் இடுப்பின் பக்கத் தசைகளையும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வலுப்படுத்தி வருவதும் பல காலம் நின்று பயன்தரும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை, ஒரு படிக்கட்டும் ஒரு கதிரையும் போதும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. நோவு தணிக்கும் குளிசையை விழுங்கிவிட்டு ஓடுவது, வழிகாட்டியின் வாயைக் கட்டிவிட்டு வழி கேட்பதற்கு ஒப்பாகும். வெப்பம் மிகுந்த புத்தளம் கரையோரத்தில் வியர்வையால் நீரிழந்த உடலுக்கு, இக்குளிசைகளிற் சில சிறுநீரகத்திலும் தீங்கு செய்யக்கூடும். தைலமும் ஒத்தடமும் ஆறுதல் தருமேயன்றிக் கூடிப்போன பாரத்தைக் குறைப்பதில்லை. முழங்கால் திடீரென வீங்குதல், மடக்கவோ நீட்டவோ இயலாமல் பூட்டிக்கொள்ளுதல், நடக்கும்போது நழுவித் தளர்தல், படுக்கையிலும் ஓயாத நோவு, சிவப்போடு காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாடுவதே முறையாகும். அத்தகைய முழங்காலை முதலில் உருவித் திருத்த முயல்வது கேட்டைப் பெருக்கக்கூடும். மற்ற நோவுகளுக்கு இயன்மருத்துவரின் ஆலோசனை மிகுந்த பயன் தரும். இயன்மருத்துவம் என்பது உடலசைவையும் பயிற்சியையும் கொண்டு நோய் நீக்கும் துறையாகும்.

இக்கலையின் மேன்மைக்குத் தமிழுலகமே ஒரு சான்றை வழங்கியுள்ளது. சென்னை மாநகரின் மேயராக விளங்கியவரும், 2021 ஆம் ஆண்டு தமிழகத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான மா. சுப்பிரமணியன், 2004 ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் முழங்காலில் கடுமையான காயமுற்றார். ஓட்டம் இனிக் கைகூடாது என்று கருதத்தக்க நிலையிலிருந்து மெல்ல மெல்ல மீண்டு, நடுவயதைக் கடந்தபின் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கிய அவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மரதன்களை ஓடி முடித்தார். தம் ஓட்ட அனுபவங்களை ‘ஓடலாம் வாங்க’ என்ற நூலாகவும் தந்துள்ளார். காயமுற்ற முழங்கால் அனைத்தும் இவ்வாறு ஓடிவிடும் என்று இதனால் கூற முடியாது. ஆயினும் காயம் ஒன்றே ஓட்டத்தின் முற்றுப்புள்ளி அன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, நெடுந்தூர ஓட்டம் முழங்காலின் பகை அன்று. கணக்கற்ற ஆசையே அதன் பகை. நோவைப் பொருட்படுத்தாமல் ஓடுவதை வீரம் என்றும், நோவு கண்டவுடன் கலையை விட்டுவிடுவதை விவேகம் என்றும் கொள்வது பொருந்தாது. நோவின் அளவை நாள்தோறும் கேட்டறிந்து, அதற்கேற்ப அடியைக் கூட்டியும் குறைத்தும் நடத்துபவரே இக்கலையில் தேர்ந்தவர். ஆகவே அடுத்த சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்துக்கோ பாடசாலை மரதனுக்கோ ஆயத்தமாகும் குறிஞ்சிப்பிட்டி இளைஞர்களும் அவர்களைப் பயிற்றும் ஆசிரியர்களும், போட்டிக்கு மூன்று வாரங்கள் முன்பாக அல்லாமல் மூன்று மாதங்கள் முன்பாகவே முதலடியை எடுத்துவைத்தல் வேண்டும்; ஓடிய தூரத்தையும் அன்றைய நோவையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதிவருதல் வேண்டும்.