பொம்மைச் சட்டம் யார் தலையில் விடிகிறது?
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குழந்தை கையில் பொம்மை கிடைத்தால் அடுத்த நிமிஷம் அது வாயில் இருக்கும். வர்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் அந்த விஷம் வயிற்றுக்குள் போகிறது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2006-ல் மினசோட்டா மாகாணத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன், பூட்ஸோடு இலவசமாகக் கொடுத்த சிறு பதக்கத்தை விழுங்கிவிட்டான். அது ஏறக்குறைய முழுக்க ஈயம். பையன் இறந்து போனான். அடுத்த வருஷம் மாட்டெல் என்ற மாபெரும் கம்பெனி, சீனாவில் செய்வித்த லட்சக்கணக்கான பொம்மைகளை ஈய வர்ணத்துக்காகத் திரும்பப் பெற்றது. பெற்றோர் கொதித்தார்கள். 2008 ஆகஸ்டில் சட்டம் பிறந்தது. குழந்தைகளுக்கான பொருளில் ஈயத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2011-ல் அது பத்து லட்சம் பங்கில் நூறு பங்காகக் குறைந்தது. நல்ல சட்டம். அதில் நமக்கு இரண்டு பேச்சில்லை.

ஆனால் சோதனைச் செலவு? ஒவ்வொரு மாதிரியையும் வெளியார் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். லட்சம் பொம்மை விற்கிற கம்பெனிக்கு அது சல்லிக்காசு. கொட்டகையில் உட்கார்ந்து ஐம்பது மரவண்டி செதுக்கும் தச்சருக்கோ, கிடைக்கும் லாபமெல்லாம் அதற்கே போய்விடும். வேடிக்கையைப் பாருங்கள்: யாருடைய பொம்மையால் சட்டம் வந்ததோ, அந்த மாட்டெலுக்கே தன் சொந்தச் சாலையில் சோதித்துக்கொள்ள 2009-ல் அனுமதி கிடைத்தது! (அதே வருஷம் 23 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும் அந்தக் கம்பெனிதான்.)

கைவினைஞர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து முறையிட்டார்கள். 2011 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. வருஷ வரவு பத்து லட்சம் டாலருக்குள் இருந்து, ஒரே பொருளை 7,500-க்கு மேல் செய்யாதவர் பதிவு செய்துகொண்டால் சில வெளிச்சோதனைகளிலிருந்து விலக்கு என்று அப்போது வைத்தார்கள். ஈய வரம்பு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. வர்ணச் சோதனைக்கும் விலக்கில்லை. அது சரியே. சிறியவர் செய்த பொம்மை என்பதால் விஷம் குறைந்துவிடுமா?

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. சர்க்காரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் கடையில் வாங்கும் வர்ண டப்பாவில் என்ன இருக்கிறதென்று அவருக்கு யார் சொல்வது? நாளெல்லாம் அதை முகர்ந்து பூசுகிறவர் அவர்தானே! வர்ணத்தை அது தயாராகும் ஆலையிலேயே சோதிக்கட்டும். ஜில்லாதோறும் சர்க்கார் பரிசோதனைச் சாலை வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு அங்கே கட்டணம் கூடாது. பொம்மை செய்கிறவரும் வாங்குகிற நாமும் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.