கயிலைக்குப் போகுமுன்

கால்கள் தேய்ந்தபின் கைகளால் தாவியும், மார்பால் உந்தியும் அப்பர் கயிலைக்கு முன்னேறினார் என்கிறது பெரியபுராணம். அந்த வைராக்கியத்தைப் போற்றுவோம். மலைக்காற்றின் இயல்பையும் அறிவோம்.

மானசரோவர் ஏறக்குறைய 4,590 மீற்றர் உயரம். டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே, புறப்படுமுன் வைத்தியரிடம் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். 3,000 மீற்றரைத் தாண்டியபின், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கொருமுறை தங்கி ஓய்வெடுங்கள். தலையிடி, ஓங்காளம் கண்டால் மேலே ஏறவேண்டாம். நடை தள்ளாடினாலோ, இருந்தபடியே மூச்சு வாங்கினாலோ உடனே கீழிறங்குங்கள்.

இறங்குவது இழுக்கல்ல. அப்பரையே திரும்பச் சொல்லி, கயிலைக் காட்சியை இறைவன் திருவையாற்றில் அல்லவா அருளினார்!