கடல் வந்த நாளும் அதற்குப் பின்னும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசுவது என் தொழிலன்று. பார்சல் ஆபீஸில் சீட்டு எழுதியும் கணக்குக் கூட்டியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். பள்ளி இறுதி வகுப்புக்கு அப்பால் படித்தவனுமல்லன். ஆயினும், சென்ற மாதம் நம் மண்டபத்தில் திரையிட்ட விவரணப் படத்தைக் குறித்து யாரேனும் பேசவேண்டும் என்று தோன்றியபோது, நம் செயலாளர், "நீங்கள் நாகப்பட்டினத்துக்காரர்; நீங்களே பேசுங்கள்" என்று என் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார். பிறந்த ஊரின் பெயரால் கிடைத்த வாய்ப்பு இது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

படத்தின் பெயரைத் தமிழில் "சுனாமியும் செர்ரி மலரும்" என்று சொல்லலாம். எடுத்தவர் லூசி வாக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. ஜப்பானில் வசந்த காலத்தில் பூக்கும் செர்ரி மலர்களைப் படமெடுக்கவே அவர் முதலில் எண்ணியிருந்தார். அதற்குள் 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி வந்துவிட்டது. வடகிழக்கு ஜப்பானின் கடலோரத்தைக் கடல் வாரிச் சென்றது. மாண்டோரும் காணாமற்போனோருமாக 18,000 பேருக்கு மேல். அதன் பின்னும் அவர் அங்கே சென்றார். அழிந்த ஊர்களில் எஞ்சியிருந்தோரைப் பேசவிட்டுக் கேட்டார். படம் நாற்பது நிமிஷம்தான். ஆனால் அன்று விளக்கைப் போட்ட பிறகும் நம் மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தொடக்கக் காட்சியை மறக்க இயலாது. மேட்டின்மேல் நின்று யாரோ ஒருவர் எடுத்த படம் அது. கீழே ஊர் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, பின்னர் வீடுகள் நகர்கின்றன. அலை என்றால் நாம் நினைக்கும் உயர்ந்து வளைந்த நீர்ச்சுவர் அங்கே இல்லை. கடலே எழுந்து தெருவில் நடந்து வருவதுபோல வருகிறது. மேலே நிற்பவர்கள் கீழே இருப்பவர்களை நோக்கி ஓடி வரும்படி கதறுகிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் கூக்குரலின் பொருள் நமக்குத் தெரிகிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், "அவங்களுக்கு ஏன் கேக்கலை?" என்று தன் தாயைக் கேட்டான். அந்த அம்மையார் பதில் சொல்லவில்லை.

சுனாமி என்பதே ஜப்பானியச் சொல். "சு" என்றால் துறைமுகம், "நாமி" என்றால் அலை. கடற்கோள் என்று நம் பழைய நூல்களில் அழகான சொல் இருந்தும், 2004க்குப் பிறகு நம் ஊர்க் கிழவிகள் வாயிலும் சுனாமியே நிலைத்துவிட்டது. பட்ட அடி சொல்லையும் கொண்டுவந்து சேர்த்தது போலும்.

அந்தக் கடலோரத்தார்க்கு இது புதிய துன்பமன்று. 1896இல் ஏறத்தாழ 22,000 பேரைக் கடல் கொண்டது. 1933இல் மீண்டும் வந்தது. ஆகையால் அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. "தெண்டென்கோ" என்பார்கள். நிலம் நடுங்கினால் அவரவர் தனித்தனியே மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். தாய் பிள்ளைக்காகவும் பிள்ளை தாய்க்காகவும் காத்து நிற்கலாகாது. கேட்பதற்குக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஒருவரையொருவர் தேடி நின்று குடும்பம் குடும்பமாக மாண்ட அனுபவத்தில் பிறந்த விதி அது. மற்றவரும் ஓடியிருப்பார் என்று நம்பினால்தான் ஒருவனால் தனியே ஓட முடியும். அந்த நம்பிக்கையைக் குழந்தைப் பருவத்திலேயே ஊட்டுகிறார்கள்.

2011இல் பிற்பகல் 2.46க்கு நிலம் நடுங்கிற்று. பல இடங்களில் கடல் வர ஏறத்தாழ அரை மணி ஆயிற்று. கமாய்ஷி என்னும் ஊரில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் உடனே ஓடினார்கள். அவர்களைக் கண்டு பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த புகலிடத்தை அடைந்தபின், அதுவும் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் பிழைத்தனர். தாரோ என்னும் ஊரிலோ பத்து மீட்டர் உயரமும் இரண்டரைக் கிலோமீட்டரளவு நீளமும் உள்ள தடுப்புச்சுவர் இருந்தது. கடல் அதன் மேலேறி வந்தது. சுவரை நம்பி இருந்துவிட்டவர்களும் உண்டு.

நம் கடற்கரையை இங்கே நினையாதிருக்க இயலுமா? 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவின் அருகே நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. நாகப்பட்டினத்துக்குக் கடல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவர்களுக்கு இருந்தது அரை மணி. நமக்கு இரண்டு மணிக்கு மேல். சொல்லத்தான் ஒருவரும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது 2007இல்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். இது படத்தில் வருவதன்று. படம் பார்த்த பின் ஆவலால் படித்தறிந்தது. அந்தக் கடலோரத்தில் சான்ரிகு ரயில்வே என்று ஒரு சிறு கம்பெனி உண்டு. 1984இல் தொடங்கியது, பெரும்பாலும் ஒற்றை டீசல் பெட்டிதான் ஓடும். பல ஆண்டுகளாக வருமானம் போதாது. கடல் வந்த அன்று 300க்கும் மேற்பட்ட இடங்களில் அதன் பாதையும் கட்டடங்களும் பழுதாயின. ஷிமானோகோஷி என்ற ஸ்டேஷன் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. மியாகோவிலிருந்த தலைமை அலுவலகத்தில் மின்சாரமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? ஸ்டேஷனில் நின்ற டீசல் பெட்டியின் எஞ்சினை ஓட்டி, அதன் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஆபீஸை நடத்தினார்கள். கண்ட்ரோல் ஆபீஸில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஐந்தாம் நாள், மார்ச் 16ஆம் தேதி, குஜி முதல் ரிகுசூ நோடா வரை ஒரு வண்டி ஓடிற்று. பதினோரு கிலோமீட்டர்தான். மெதுவாக ஊர்ந்து சென்றது; கட்டணம் வாங்கவில்லை. மாத முடிவுக்குள் இன்னும் இரண்டு துண்டுப் பாதைகள் திறந்தன. முழுப் பாதையும் சீராக 2014 ஏப்ரல் ஆயிற்று. சாலைகள் இடிபாடுகளில் புதைந்துகிடந்த காலத்தில் அந்த வண்டி எதை ஏற்றிச் சென்றிருக்கும் என்று பார்சல் குமாஸ்தாவாகிய நான் எண்ணிப் பார்க்கிறேன். உறவினரைத் தேடிச் செல்பவர்கள், உடுத்த துணியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள். அவர்களிடம் எடை போடவும் சீட்டு ஒட்டவும் என்ன இருந்திருக்கும்?

படத்தின் பிற்பகுதி ஏப்ரல் மாதத்து மலர்களுக்கு உரியது. துக்க காலத்தில் மலர் காணச் செல்லலாமா என்ற தயக்கம் அவ்வாண்டு அந்நாட்டில் இருந்தது. மரங்கள் அதைப் பார்க்கவில்லை. கடல்நீர் மூழ்கடித்த மரமும் பூத்தது. மண்டபத்தில் பலர் இப்பகுதியையே சிறப்பாகப் பேசினார்கள். என் மனம் முற்பகுதியிலேயே நின்றுவிட்டது. தாம் பிழைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் எவரையும் அங்கே காணோம். பிழைத்ததற்கு மன்னிப்புக் கேட்பவர்போல் அல்லவா அவர்கள் பேசுகிறார்கள்!

அதைக் கேட்டபோது என் தாய்மாமன் நினைவு வந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தருகே வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உறவினரை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். கடையில் உதவிக்கிருந்த பையன் பிழைக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊருக்கு ஓடினேன். மாமாவைக் கண்டதும், "ஆண்டவன் உங்களைக் காப்பாற்றிவிட்டான் மாமா" என்றேன். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை வீடுகள் போயின என்று கேள்வியும் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்றே எண்ணியிருந்தேன்.

படம் முடிந்த அன்றிரவு வீட்டுக்குப் போனதும் தொலைபேசியில் அவரை அழைத்தேன். இப்படி ஒரு படம் பார்த்தேன் மாமா என்று சொல்லி, அந்த ஜப்பானியர் பேசியதைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "கடைச் சாவியை அவன் கையில் நான்தான் கொடுத்தேன், தம்பி. ஞாயிற்றுக்கிழமை, திறக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். அதன்மேல் அந்தப் பையனைப் பற்றியே பேசினார். அவன் முடிச்சுப் போடும் கைத்திறம், மதியம் அவன் கேட்டுப் போட்டுக்கொள்ளும் இரண்டாம் கை சோறு, அவன் தாய் இப்போது இருக்கும் குடியிருப்பு, பொங்கலுக்குப் பொங்கல் மாமா அங்கே போய்வருவது எல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வைக்கும் முன், "அந்த ரயில் இப்பவும் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். 2019இல் புயலடித்து மீண்டும் பாதை உடைந்ததையும், அடுத்த மார்ச்சில் மீண்டும் வண்டி விட்டதையும் சொன்னேன்.

அடுத்த மாதத்துக்குப் பாஸ் எழுதிப் போட்டிருக்கிறேன். படத்தையும் எடுத்துச் செல்லலாமா என்று மாமாவைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.