ஜெபிக்க இயலாத கவிஞர்



1763ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரில் சட்டம் பயின்றும் அத்தொழிலில் ஊன்றாத முப்பத்தொரு வயதினர் ஒருவருக்கு, உறவினர் ஒருவரின் தயவால் நல்லதோர் பதவி கிடைக்கவிருந்தது. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைப் பதிவேடுகளைப் பேணும் எழுத்தர் பதவி அது. நியமனத்திற்கு எதிர்ப்புக் கிளம்பவே, அவர் சபையின் முன் நேரில் தோன்றித் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று. மாதக்கணக்கில் அலுவலகம் சென்று பதிவேடுகளைப் புரட்டினார். கண்கள் படித்தன, உள்ளம் ஒன்றையும் வாங்கவில்லை. நாள் நெருங்க நெருங்க நடுக்கம் மிகுந்து, உயிரையே மாய்த்துக்கொள்ள முற்பட்டார். சில கேள்விகளுக்கு விடைகூற அஞ்சியா ஒருவர் சாகத் துணிவார் என்று வியப்போர், அச்சத்திற்கும் அதன் காரணத்திற்கும் அளவுப் பொருத்தம் தேடுவோர். அப்பொருத்தம் இல்லாமையே இந்நோயின் இயல்பு.

அவரே ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800). எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'கௌப்பர்' என வரும். அவர் குடும்பத்தார் ஒலித்தது 'கூப்பர்' என்றே. கிறிஸ்தவ விசுவாசம் மனக்கலக்கத்தைத் தீர்க்கும் என்போர் சிலர் இவர் வாழ்வின் ஒரு பாதியைச் சான்று காட்டுவர். சமயப் பற்றே இவர் சித்தத்தைக் கலக்கிற்று என்போர் மறுபாதியைக் காட்டுவர். இரு சாராருமே முழு வாழ்வையும் படிக்க மறந்தவர்கள்.

முதற்கலக்கத்தின்பின் அவர் செயிண்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். காட்டனும் ஒரு கவிஞர், இரக்கமுள்ளவர். அங்கே 1764ஆம் ஆண்டில் ஒருநாள் கூப்பர் வேதாகமத்தைத் திறக்க, ரோமர் நிருபத்தின் 3ஆம் அதிகாரம் 25ஆம் வசனம் கண்ணிற்பட்டது. தாமும் மன்னிக்கப்பட்டவர் என்னும் உறுதி அன்று அவருக்குப் பிறந்தது. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அதுவே முடிவும் அன்று.

1767இல் தம்மைப் பேணிவந்த மேரி அன்வின் அம்மையாருடன் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் மிகுந்த ஊர் அது. முன்பு அடிமைக் கப்பலின் தலைவராயிருந்த ஜான் நியூட்டன் அங்கே குருவானவர். அவ்வேழைகள் கூடிய ஜெபக்கூட்டங்களுக்கென இருவரும் பாமாலைகள் இயற்றினர். அவையே 1779இல் 'ஓல்னிப் பாமாலைகள்' என நூலாயின. மொத்தம் 348, அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. இம்மானுவேலின் இரத்தத்தைப் பாடும் அவர் பாமாலை தமிழ்த் திருச்சபைகளிலும் மொழிபெயர்ப்பாக ஒலித்து வருகிறது.

நூல் வெளிவருமுன்னரே பாடியவர் மௌனமாகிவிட்டார். 1773ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலக்கம் மீண்டது. தேவன் தம்மை என்றென்றைக்குமாகத் தள்ளிவிட்டார் என்று உணர்த்திய கனவொன்று கண்டார். அதன்பின் அவர் ஆலயத்திற்குச் செல்லவில்லை, ஜெபிக்கவும் இல்லை. தேவன் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தேவன் உண்டு, கிருபை உண்டு, அது எல்லார்க்கும் உண்டு, தமக்கு மட்டும் இல்லை என்பதே அவர் துயரம். அவிசுவாசிக்கு இத்தகைய வேதனை வாராது. சமயமே அவரைக் கெடுத்தது என்பார்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: 1763ஆம் ஆண்டின் கலக்கம், நியூட்டனைக் காண்பதற்கும் மனமாற்றம் அடைவதற்கும் முன்னர் நிகழ்ந்தது. நோய் முன்னரே இருந்தது. பின்னர் அது சமயத்தின் சொற்களை உடுத்திக்கொண்டது.

கலங்கிய நண்பரை நியூட்டன் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். ஓராண்டுக்கும் மேலாக வைத்திருந்தார். குருவானவர் ஒருவர் செய்த போதனைகளையெல்லாம்விட இச்செயல் பெரிது என்று கொள்வதில் தவறில்லை. மனக்கலக்கமுற்றவரிடம் 'இன்னும் ஊக்கமாய் ஜெபியும்' என்று சொல்லிவிட்டு வீடு திரும்புதல் எளிது. கூப்பரிடம் அந்த அறிவுரைக்கு இடமில்லை.

1782இல் அண்டை ஊரான நியூபோர்ட் பாக்னெலின் போதகர் வில்லியம் புல் ஜெபத்தைப் பற்றி வற்புறுத்தியபோது, கூப்பர் எழுதிய விடைமடல் நெஞ்சை உலுக்குவது. ஜெபிக்கத் தமக்கு உரிமை உண்டென்று எவரேனும் மெய்ப்பித்தால், இடைவிடாது ஜெபிப்பதாக அவர் அதில் சொன்னார். வெறுப்பினால் விலகியவரின் சொல்லன்று இது. வாயிற்படியிலேயே நின்றுவிட்டவரின் சொல்.

புல் வாதாடித் தீர்க்க முனைந்தவர் அல்லர். அதே 1782இல் அவர் நண்பர் கையில் ஒரு நூலைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார். பாஸ்டில் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த பிரெஞ்சு அம்மையார் கியோனின் பக்திப் பாடல்கள் அவை. கியோன் கத்தோலிக்கர், கூப்பர் சீர்திருத்தச் சபையினர். கவிஞர் அவற்றுட் பலவற்றை ஆங்கிலமாக்கினார். தம் வாயால் ஜெபிக்கக் கூடாதவர், பிறர் ஜெபத்தைத் தம் மொழியில் எழுதினார்! மொழிபெயர்ப்பை ஜெபம் எனலாமா என்று இறையியலார் வழக்காடட்டும். மொழிபெயர்த்துப் பார்த்த கவிஞர்க்கு இது விளங்கும்: ஒரு வரியை உள்ளே வாங்காமல் வெளியே தர இயலாது.

ஓல்னியில் மறுபுறமும் அதுவே நடந்தது. அவர் கால்வைக்காத கூட்டங்களில் அவர் பாடல்களை வைத்து லேஸ் பின்னுவோர் ஜெபித்தனர்.

வேதாகமமே இத்தகையோர்க்கு இடம் வைத்திருக்கிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிவது. முறையீட்டுச் சங்கீதங்கள் பலவும் இறுதியில் துதிக்குத் திரும்ப, இது திரும்புவதில்லை. ஆயினும் அதை எவரும் நீக்கவில்லை. கவலையற்றிருக்கச் சொல்லும் பிலிப்பியர் நிருபமும் சிறையிருந்து வந்த மடலே என்பதை அதனை மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுகின்றனர்.

1774இல் மூன்று முயல்களை வளர்க்கத் தொடங்கினார் கூப்பர், தோட்டமிட்டார், தச்சு வேலையும் கற்றார். 1785இல் வந்த 'தி டாஸ்க்' என்னும் நெடுங்கவிதை அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. அதில் தம்மை அம்பு தைத்து மந்தையை விட்டு விலகிய மானாகச் சொல்கிறார். அம்பை எடுத்தவரும் அம்புக் காயம் பட்டவரே என்கிறார். கிறிஸ்துவைப் பற்றிப் பிரசங்கம் பல செய்யலாம். இவ்வளவு நெருங்கிச் சொல்லல் அரிது.

1796இல் மேரி அன்வின் மறைந்தார். 1799இல், நடுக்கடலில் கப்பலிலிருந்து வீழ்ந்து தோழர் கண்முன் மாண்ட மாலுமியைப் பற்றி ஒரு கவிதை எழுதி, அவனினும் ஆழமான கடலில் தாம் மூழ்கியதாக முடித்தார். அக்கவிதையில் ஆறுதல் இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கிழக்கு டீரம் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இறந்த முகத்தில் அமைதியும் ஒருவகைத் தூய வியப்பும் தோன்றியதாக உடனிருந்த உறவினர் எழுதி வைத்துள்ளார். அதே ஆண்டில், எழுபத்தைந்தை எட்டவிருந்த நியூட்டன், இருபத்தேழு ஆண்டுகள் ஜெபிக்காதிருந்த அந்த நண்பருக்காக இரங்கற் பிரசங்கம் செய்தார்.