மத்தும் உயிர்க்கலமும்



விசர்நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மல்லாவி வைத்தியசாலைக்கு ஓடும் தாய் நம்பிச் செல்வது ஒரு சிறு குப்பி மருந்தை. அம்மருந்து பிறக்கும் விதத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

நீலகிரியில், குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்டர் நிலையம் முன்னர் ஆட்டு மூளையிலிருந்து இத்தடுப்பூசியைச் செய்தது. அவ்வகை மருந்தால் சிலருக்கு நரம்பு நோய் உண்டாயிற்று. பின்னர் ‘வீரோ’ கலங்களில் வைரசை வளர்க்கும் முறை அங்கும் வந்தது. குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் யப்பானில் பெறப்பட்ட கலங்கள் அவை.

பள்ளி ஆய்வுகூடத்தில் வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் நோக்கினோமல்லவா? ஒவ்வொரு கலத்தையும் சுற்றிச் சுவர் தெரிந்தது. விலங்குக் கலத்துக்கோ சுவரில்லை. மெல்லிய மென்சவ்வே காவல். வீரோ கலங்கள் எதிலாவது ஒட்டியே வளரும். ஆகவே ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் அளவான மணிகளில் அவற்றை ஒட்டவிட்டு, பெரிய தொட்டியில் மிதக்கவிடுவர். ஒல்லாந்தைச் சேர்ந்த வான் வெசல் 1967இல் காட்டிய வழி இது.

இங்கேதான் இக்கட்டு. நீரில் ஒட்சிசன் சிறிதளவே கரையும். கலக்காவிட்டால் மணிகள் அடியில் தங்கும். கலங்கள் மூச்சுமுட்டி மடியும். தயிர் கடைவதுபோல் கலக்கினாலோ கலங்கள் பிய்ந்துபோகும். வவுனிக்குளம் வான் பாயும்போது, அகன்ற சுழியில் விழுந்த பூ முழுதாகவே சுற்றிவரும். சுழிகள் பூவளவுக்குச் சிறுத்து மோதினால் இதழ் உதிரும். தொட்டியிலும் அவ்வாறே. வேகம் கூடக்கூடச் சுழிகள் சிறுக்கும்; அவை மணியின் அளவை நெருங்கும்போது கலங்களுக்கு ஆபத்து.

மாடுகளின் கால்வாய் நோய்த் தடுப்பூசிக்கு வளர்க்கும் ஹம்ஸ்டர் எலிக் கலங்கள் மணியின்றியே மிதப்பவை. அவற்றுக்குத் துடுப்பிலும் பெரிய பகை காற்றுக்குமிழி. மேற்பரப்பில் குமிழி உடையும் கணத்தில், அதில் ஒட்டிய கலங்களும் சிதையும். ‘புளூரோனிக் எஃப்-68’ என்னும் பொருளைச் சிறிது சேர்த்தால் கலங்கள் குமிழியில் ஒட்டாமல் தப்பும்.

தோழர்களே! தொட்டியருகே நிற்பவன் அளவறியாது கலக்கினால், தூரத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளைக்கு ஊசி குறையும். அவன் கடமை அது. நம் கடமையும் உண்டு: கடித்த இடத்தை உடனே சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுவோம், அன்றே வைத்தியசாலைக்குச் செல்வோம், வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போடுவிப்போம்.