ஊர்ச் சங்கம் உறங்கலாகாது
(முள்ளியவளையில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் சந்நிதியில் உப்புநீரால் விளக்கெரித்து, வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் படைக்கும் மக்கள் நீங்கள். அத்தொண்டுக்கு எந்த அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? எந்த மந்திரி கட்டளையிடுகிறார்? இன்னாருக்கு இன்ன பணி என்ற முறை வழிவழியாக இருக்கிறது. அவரவர் தம் முறையைத் தவறாது செய்கின்றனர். ஆகவே, கூடித் தொண்டாற்றுவது எப்படி என்று உங்களுக்குக் கற்பிக்க நாம் வரவில்லை. கோயிற் காரியத்தில் விளங்கும் அவ்வொழுங்கு, காணிக் காரியத்திலும் குளத்துக் காரியத்திலும் ஏன் விளங்கவில்லை என்று கேட்கவே வந்தோம்.

வன்னிக்குத் தொண்டர் சங்கம் புதிதன்று. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து வெறுங்கையுடன் வந்த மக்களை இம்மண்ணில் குடியமர்த்திப் பணிசெய்தது காந்தியம். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதற்குத் தலைமை தாங்கினர். 1983 இல் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27 ஆம் நாள் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் படுகொலை செய்யப்பட்டார். காந்தியத்தின் பணியும் குலைந்தது. அவ்வுத்தமர்களை நினைத்துத் தலைவணங்கும் நாம், ஒன்றை மறக்கலாகாது. தலைவர் இருவரின் தோளில் நிற்கும் தொண்டை, அவ்விருவரையும் அகற்றி வீழ்த்திவிடலாம். ஊரார் அனைவரின் தோளிலும் நிற்கும் சங்கத்தை வீழ்த்துவது அத்துணை எளிதன்று.

2009 இல் யுத்தம் முடிந்தபின், செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் மீண்டபோது உதவி நிறுவனங்கள் பல வந்தன. வீட்டுக்கு ஒரு குழு, கிணற்றுக்கு ஒரு குழு, கோழி வளர்ப்புக்கு ஒரு குழு! திட்டம் முடிய, குழுவும் முடிந்தது. உதவியவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் உதவி வாங்க நிற்கும் வரிசைக்குச் சங்கம் என்று பெயரிடலாகாது.

பின் சங்கத்தின் பணி யாது? சட்டத்தொழிலில் இருப்பதால், நாம் அறிந்த உதாரணம் ஒன்றைக் கூறுவோம். பிறர் காணியைப் பத்தாண்டு தொடர்ந்து தன் காணியாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். அவ்வாறாயின், ஊரைவிட்டு ஓடியவன் கதி என்ன? ஆயுதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணலாகாது என்றது. ஆயினும், அச்சலுகை இரண்டாண்டுக்கே உரியது.

அந்த இரண்டாண்டு எப்பொழுது வந்தது, எப்பொழுது போனது என்று இங்கே எத்தனை பேர் அறிவீர்கள்? சட்டம் கொழும்பிலே இயற்றப்பட்டது, அச்சாகி வெளிவந்தது, வயல்வரம்பில் நின்றவன் காதில் யார் சொன்னார்? இக்குற்றத்தில் எம்மைப் போன்ற வழக்கறிஞர்களுக்கும் பங்குண்டு. கட்சிக்காரன் எம் வாசலுக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். அவன் வாசலைத் தேடி நாம் செல்லவில்லை.

ஆகவே, சங்கத்தின் முதற்பணி வாசித்துக் காட்டுதல். வாரத்தில் ஒரு மாலை, ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவர் புதிய சட்டங்களையும் அரச அறிவித்தல்களையும் யாவரும் கேட்க வாசிக்கட்டும். காணாமற்போன மகனுக்கு மரணச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாத தாய், அவன் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறவும் 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. பெறுவதா விடுவதா என்பது அவள் மனத்தைப் பொறுத்தது. அப்படியொரு வழி உண்டு என்று சொல்வது நம் கடமை.

இரண்டாம் பணி, எழுதிக் கேட்டல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினரேனும் பிரசைகளாயின், சங்கமும் ஒரு பிரசையே. ஏன் கேட்கிறீர் என்று அதிகாரி வினவ முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். வாய்க்கால் திருத்த எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று தனியொருவன் கேட்க அஞ்சுவான். சங்கம் கேட்டால் ஊரே கேட்கிறது.

மூன்றாம் பணி, தன் கணக்கைத் தானே காட்டுதல். பிரதேச சபையின் கணக்கைக் கேட்கும் நாம் எமது பொருளாளரின் கணக்கை மறைக்கலாமா? சந்தா சிறிதாயினும் பற்றுச்சீட்டு வேண்டும். கூட்ட அறிக்கைப் புத்தகம் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடி நிருவாகத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். யுத்தத்தில் துணையை இழந்து, குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர் வாழும் மாவட்டம் இது. தேநீர் வழங்குவதற்கு மட்டும் அவர்களை அழைத்தல் தகாது. அறிக்கைப் புத்தகமும் பணப்பெட்டியும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

இறுதியாக, எமக்கே பாதகமான ஒரு வார்த்தை. நாம் அரசியற் கட்சி சார்ந்தவர்கள். தேர்தற் காலத்தில் வாக்குக் கேட்டு உங்களிடம் வருவோம். அப்பொழுது எம்மைச் சங்க மண்டபத்தின் தலைமை நாற்காலியில் அமர்த்தாதீர்கள். எக்கட்சியினர் வந்தாலும் வாங்கில் இருத்தி, கேள்வி கேளுங்கள். கட்சிக் கிளையாக மாறிய சங்கத்தில் ஊரின் பாதி வெளியே நிற்கும்.

இக்கூட்டத்திலுள்ள வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் மாதத்தில் ஒரு நாளைச் சங்கத்துக்குக் கொடுங்கள். நாமும் கொடுப்போம். கமக்காரப் பெரியோர்களே, உங்கள் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் எடுத்து வாருங்கள். சட்டம் தரும் அடுத்த தவணையேனும் நாம் அறியாமற் கழிந்துவிடலாகாது.