கணக்கும் அதன் செய்கையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கணினி கொண்டு சுற்றாடற் சுகாதாரத்தைக் கணிக்கும் மாதிரியுருக்களைப் பற்றியும், அவற்றை எழுத்தில் பதிந்து வைக்கும் கடமையைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். இது விஞ்ஞான மாணவர்க்கு மட்டும் உரிய விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரு குழந்தை விளையாடும் முற்றத்து மண்ணை அகற்றுவதா, விடுவதா என்பதை இன்று சில நாடுகளில் இத்தகைய கணக்கே தீர்மானிக்கின்றது. ஆகவே அக்கணக்கு எவ்வாறு செய்யப்பட்டது என்று அறியும் உரிமை அக்குழந்தையின் தாய்க்கும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலே கெலொக் என்றொரு சிற்றூர். அங்கே பங்கர் ஹில் என்னும் ஈய உருக்காலை இருந்தது. 1973இல் அதன் புகையை வடிகட்டும் கட்டடம் தீப்பற்றியது. அதன் பின்னும் ஆலை ஓயவில்லை. ஈயத்தூள் ஊரெங்கும் படிந்தது. 1974இல் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஆலையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வசித்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரு டெசிலீற்றருக்கு 40 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்டது. 1981இல் ஆலை மூடப்பட்டது. ஆயினும் மண்ணிற் படிந்த ஈயம் ஆலையோடு போய்விடவில்லை. ஈயமோ பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இன்றுவரை காணப்படவில்லை.

இத்தகைய ஊர்களில் எவ்வளவு ஈயமுள்ள மண்ணைத் தோண்டி அகற்றுவது? பிள்ளைகளின் உடலில் நஞ்சு ஏறும்வரை காத்திருந்து அளப்பது தர்மமாகாது. இதற்காகவே அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 1994இல் ஒரு கணினி மாதிரியுருவை வெளியிட்டது. மண், வீட்டுத் தூசி, குடிநீர், உணவு, காற்று ஆகியவற்றால் உடலிற் சேரும் ஈயத்தைக் கூட்டி, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் இரத்தத்தில் எவ்வளவு நிற்கும் என்று அது கணிக்கின்றது.

அன்பர்களே, இங்கே நாம் கவனிக்க வேண்டியது அம்மாதிரியுருவோடு வந்த கைந்நூலையே. விழுங்கிய ஈயத்தில், உணவாலும் நீராலும் வந்ததில் 50 வீதமும், மண்ணால் வந்ததில் 30 வீதமும் உடலில் உறிஞ்சப்படும் என்று எடுத்துக்கொண்டதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். பங்கர் ஹில் பகுதியிற் கிடைத்த இரத்தச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டவர்கள், 30க்குப் பதிலாக 18 வீதம் என்று கொண்டு வேறொரு கணக்கும் செய்தார்கள். 2005இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு ஒன்று அந்தப் பள்ளத்தாக்கின் கணிப்புகளைப் பரிசீலித்தது. எண்கள் எழுத்தில் இருந்தபடியாலேதான் அவ்வாராய்ச்சி நடக்க முடிந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். பத்து இலட்சம் பங்கு மண்ணில் 400 பங்கு ஈயம் என்று 1994இல் ஓர் எல்லை வகுத்தார்கள். பிள்ளையின் இரத்த ஈயம் 10 மைக்கிரோகிராமைத் தாண்டும் வாய்ப்பு 5 வீதத்துக்கு மேற்படலாகாது என்பதே அதன் அடிப்படை. பின்னர் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் இரத்தத்துக்குரிய அளவை 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் குறைத்தது. மண்ணின் எல்லை 2024இலேதான் 200 ஆனது. பழைய எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால், திருத்த வேண்டிய இடமும் தெரிந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன! அதற்குள் ஒரு குழந்தை பள்ளிப்படிப்பிற் பாதியைத் தாண்டிவிடும். எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதை வாசித்துக் கேள்வி கேட்போரும் வேண்டும்.

நான் படித்த கல்லூரியிலே கணித ஆசிரியர் விடையை மட்டும் எழுதினால் புள்ளி தரமாட்டார். "செய்கை எங்கே?" என்பார். ஊர்மக்களும் அதையே கேட்கலாம். எந்த நோக்கத்துக்காக இந்தக் கணக்கு? எவற்றை உண்மையென எடுத்துக்கொண்டீர்கள்? அளவைகளை யார், எங்கே, எப்போது எடுத்தார்? விடையில் எவ்வளவு தளம்பல் உண்டு? எங்கே இதைப் பயன்படுத்தலாகாது? இவ்வைந்துக்கும் மறுமொழி இல்லாத கணிப்பு எத்தனை பெரிய கணினியிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணாம்புக்கல்லிற் தங்கும் நிலத்தடி நீரை நம்பி மக்கள் வாழ்கின்றார்கள். தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று கிணறுகளிற் சேர்கின்றது. நாளை அந்நீரைப் பற்றி யாரேனும் ஒரு கணிப்பைக் கொண்டுவந்தால், எந்தக் கிணறு, மாரிக்கு முன்னோ பின்னோ அளந்தது என்று முதலிற் கேட்போம். எந்தக் கிணறு கோடையில் உவர்க்கும் என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். இளைஞர்களாகிய நாம் ஒரு கொப்பியை எடுத்துச் சென்று, அவர்கள் சொல்வதைத் திகதியிட்டு எழுதி வைப்போமாக. அதற்குக் கணினியும் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை.